வீடு மாறியபின் சொத்து வரியில் சிக்கலா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வீடு வாங்கிக் குடிபோனவர்களுக்குச் சொத்து வரியில் ஏதோ சரியில்லை என்று தெரியவருவது பெரும்பாலும் ஏப்ரலில் அல்லது அக்டோபரில்தான். புது அரையாண்டு தொடங்கியிருக்கும். கட்டிவிடலாம் என்று இணையத்தில் வரிவிதிப்பு எண்ணைப் போட்டால் திரையில் வேறு யாரோ ஒருவரின் பெயர் வரும். பெயர் சரியாக இருந்தால் தொகை தலைசுற்ற வைக்கும். சிலருக்கு எண்ணே கிடைக்காது.

தமிழ்நாட்டு மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் வீடு மாறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு எந்த அறிகுறியோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். பாதிப் பேருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

எந்தச் சிக்கலானாலும் முதலில் இதைப் பாருங்கள்

ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு பதிவேடு இருப்பதில்லை. கிரயப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். பட்டா வருவாய்த் துறையிடம், சொத்து வரிப் பதிவேடு உள்ளாட்சியிடம், மின் இணைப்பு மின்வாரியத்திடம். சென்னையில் இவற்றோடு குடிநீர் வாரியத்தின் கணக்கும் தனியாக உண்டு. ஒன்றில் பெயர் மாறியதும் மற்றவற்றில் தானாக மாறிவிட்டது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பட்டா உங்கள் பெயருக்கு வந்தது நல்ல செய்திதான், ஆனால் சொத்து வரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது வில்லங்கச் சான்று. அதில் வருவது பதிவு செய்யப்பட்ட பத்திரங்களின் விவரம் மட்டும்தான். சொத்து வரி பாக்கி அதில் வராது. வங்கிக் கடனுக்காக முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டோம், எல்லாம் சுத்தம் என்று சொல்பவர்கள் வரி பாக்கியைப் பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

பணக் கணக்கு இப்படி. முதல் அரையாண்டு ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை, இரண்டாவது அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5% ஊக்கத்தொகை கிடைக்கும், அதற்கு 5,000 ரூபாய் உச்சவரம்பு. தாமதித்தால் மாதம் 1% தனி வட்டி சேரும். 3,660 ரூபாய் வரிக்கு ஏப்ரலில் கட்டினால் 183 ரூபாய் மிச்சம், விட்டுவிட்டால் மாதம் 36 ரூபாய் 60 காசு கூடுதல்.

எங்கே பார்ப்பது? சென்னை என்றால் மாநகராட்சியின் சொந்த இணையதளம். மற்ற மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளுக்கு ‘டிஎன் அர்பன் இபே’ என்ற பொதுத்தளம். கிராம ஊராட்சி வீட்டு வரிக்கு ‘விபிடாக்ஸ்’ தளம். தவறான தளத்தில் எண்ணைப் போட்டுவிட்டு ‘பதிவு இல்லை’ என்று வந்ததும் பயந்துபோகிறவர்கள் நிறைய.

கிரயப் பத்திர நகல், விற்றவர் கொடுத்த கடைசி வரி இரசீது, மின்கட்டண அட்டை மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

அறிகுறி: பத்திரம் முடிந்து மாதங்கள் ஆகியும் பில் பழைய உரிமையாளர் பெயரில்தான் வருகிறது

எல்லாவற்றிலும் அதிகமாக வருவது இதுதான். காரணம் எளிது, யாரும் போய்ச் சொல்லவில்லை. 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம், 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் என்ற பழைய சட்டங்களிலேயே, சொத்து கைமாறினால் விற்றவர், வாங்கியவர் இருவருமே மூன்று மாதத்துக்குள் உள்ளாட்சிக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், கொடுக்காதவரை விற்றவர்மேல் உள்ள வரிப்பொறுப்பும் நீங்காது என்று இருந்தது. இப்போது எல்லா நகரங்களுக்கும் பொதுவாக 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. சட்டம் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. விற்றவர் பணம் வாங்கியதும் மறந்துவிடுகிறார், வாங்கியவர் பால் காய்ச்சியதும் மறந்துவிடுகிறார்.

சரிசெய்யும் முறை: முதலில் அந்த எண்ணில் பாக்கி ஏதும் இல்லாமல் நடப்பு அரையாண்டுவரை கட்டிவிடுங்கள். பாக்கி நின்றால் பெயர் மாற்ற விண்ணப்பம் நகராது. பில் பழைய பெயரில் இருப்பதால் பணம் கட்டக் கூடாது என்று சிலர் நிறுத்தி வைக்கிறார்கள். அது வேண்டாம். வரி அந்த எண்ணுக்குத்தான் போகிறது. நீங்கள் நிறுத்தினால் வட்டி உங்கள் வீட்டின்மேல்தான் ஏறும்.

பிறகு பெயர் மாற்ற விண்ணப்பம். இணையத்தில் போடலாம், மண்டல அலுவலகத்திலோ நகராட்சி அலுவலகத்திலோ நேரிலும் கொடுக்கலாம். கிரயப் பத்திரத்தின் எல்லாப் பக்கங்களும், கடைசி வரி இரசீதும், உங்கள் அடையாளச் சான்றும் வேண்டும். கட்டணம் கேட்டால் கட்டி அதற்கும் இரசீது வாங்குங்கள்.

விண்ணப்பம் திரும்பி வருவதற்கு நான் பார்த்தவரை மூன்று காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பத்திரத்தில் ‘புது எண்’ இருக்கும், வரிப் பதிவேட்டில் ‘பழைய எண்’ இருக்கும். பத்திரத்தில் விற்றவரின் முழுப்பெயர் இருக்கும், பதிவேட்டில் முதலெழுத்து வேறாக இருக்கும். மூன்றாவது, உங்களுக்கு விற்றவரே தன் பெயருக்கு வரியை மாற்றாமல் விட்டிருப்பார், பதிவேட்டில் அவருக்கும் முந்தையவரின் பெயர் நிற்கும். இந்த மூன்றாவது வந்தால் தாய்ப்பத்திரத்தின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். பதிவேட்டில் உள்ள பெயரிலிருந்து உங்கள் பெயர்வரை கைமாறிய ஒவ்வொரு பத்திரமும் கோத்து இருக்க வேண்டும். நடுவில் ஒன்று விடுபட்டாலும் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொத்து வரி இரசீதில் பெயர் இருப்பதால் மட்டும் யாரும் உரிமையாளராகிவிட மாட்டார்கள். உரிமை பத்திரத்தில் இருக்கிறது. அதனால் பழைய பெயரில் பில் வருகிறதே, வீடு போய்விடுமோ என்று இரவு தூங்காமல் இருக்க வேண்டியதில்லை. ஆனால் நாளை நீங்கள் விற்கும்போதோ, கடன் வாங்கும்போதோ, கட்டட அனுமதிக்குப் போகும்போதோ இந்தப் பெயர்தான் முதலில் கேட்கப்படும்.

அறிகுறி: குடிபோகும் முன்னால் உள்ள காலத்துக்கும் பாக்கி காட்டுகிறது

‘நான் வாங்கியதே போன வருடம். அதற்கு முன்னால் உள்ளதை நான் ஏன் கட்ட வேண்டும்?’ நியாயமான கோபம்தான். ஆனால் சொத்து வரி ஆளைத் தொடர்வதில்லை, வீட்டோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. சட்டம் அதை அந்தக் கட்டடத்தின்மேலும் நிலத்தின்மேலும் உள்ள முதல் பொறுப்பாகவே வைத்திருக்கிறது. விற்றவர் வெளிநாடு போயிருந்தாலும் அலுவலகம் வந்து கேட்பது உங்கள் கதவைத்தான்.

முதலில், பாக்கி உண்மையானதுதானா என்று பாருங்கள். விற்றவரிடம் பழைய இரசீதுகள் இருக்கலாம். கவுண்டரில் கட்டிய பணம் கணினியில் ஏறாமல் போனதும் உண்டு, வேறு எண்ணில் வரவானதும் உண்டு. அரையாண்டு வாரியாக எதற்கெல்லாம் பாக்கி என்று பட்டியல் எடுத்து, அவரிடம் உள்ள இரசீதுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். இரசீது இருக்கும் அரையாண்டுக்கு நகலோடு மனுக் கொடுத்தால் வரவு வைப்பார்கள்.

உண்மையான பாக்கி என்றால், கிரயப் பத்திரத்தில் ‘இன்றைய தேதிவரை உள்ள வரிவகைகளை விற்பவரே செலுத்திவிட்டார், ஏதேனும் பாக்கி தெரியவந்தால் அவரே பொறுப்பு’ என்ற பொருளில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதைக் காட்டி விற்றவரிடம் கேட்கலாம். தர மறுத்தால் வக்கீல் நோட்டீஸ்வரை போகலாம். அதற்காக அலுவலகத்துக்குக் கட்டுவதை நிறுத்தி வைக்காதீர்கள். நீங்கள் கட்டிவிட்டு அந்த இரசீதை வைத்து அவரிடம் கேட்பதுதான் உறுதியான வழி. மாதம் 1% வட்டி உங்கள் வழக்கு முடியக் காத்திருக்காது.

இன்னும் பத்திரம் முடிக்காமல் இதைப் படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பதிவுக்கு முதல்நாள் இரவு நீங்களே எண்ணைப் போட்டு பாக்கி எவ்வளவு என்று பாருங்கள். விற்பவர் காட்டும் ஜெராக்ஸ் போதாது. பாக்கி இருந்தால் விலையில் கழித்துக்கொண்டு அங்கேயே கட்டிவிடலாம்.

நடப்பு அரையாண்டை எப்படிப் பிரிப்பது என்பதிலும் சண்டை வரும். நாள் கணக்கு போட்டால் சண்டையில்லை. முதல் அரையாண்டில் 183 நாள். வரி 3,660 ரூபாய் என்றால் நாளுக்கு 20 ரூபாய். ஜூலை 10 அன்று பதிவு என்றால் ஏப்ரல் 1 முதல் ஜூலை 9 வரை 100 நாள், விற்பவர் பங்கு 2,000 ரூபாய். மீதி 83 நாளுக்கு 1,660 ரூபாய் உங்களுடையது. இது உங்கள் இருவருக்குள்ளான ஏற்பாடு. அலுவலகத்துக்கு முழு 3,660 போய்ச் சேர்ந்தால் போதும்.

அறிகுறி: ஒழுங்காகக் கட்டியிருக்கிறேன், ஆனாலும் பாக்கி என்கிறது

இது எனக்கே நடந்தது. அடுக்குமாடியில் வீடு வாங்கினேன். விற்றவர் கொடுத்தது ஜெராக்ஸின் ஜெராக்ஸ். அதில் எண்ணின் கடைசிப் பகுதி மங்கியிருந்தது, 008 என்று எனக்குப் பட்டது. போட்டுப் பார்த்தேன். தெரு சரியாக இருந்தது, கதவு எண் கட்டடத்துக்கு ஒன்றுதான், உரிமையாளர் பெயர் என்று அந்தக் கட்டடத்தின் பழைய நில உரிமையாளர் பெயர் வந்தது. எல்லா வீட்டுக்கும் அதே பெயர்தான் நின்றிருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. நான்கு அரையாண்டு, ஒவ்வொரு முறையும் முதல் மாதத்திலேயே, ஊக்கத்தொகை கிடைத்த திருப்தியோடு கட்டினேன்.

பெயர் மாற்றத்துக்குப் போன அன்று வரி வசூலர் விற்றவரின் ஜெராக்ஸையும் என் இரசீதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “சார், எட்டு உங்களுது இல்ல. ஆறுதான் உங்களுது. ஆறுல நாலு அரையாண்டு நிக்குது” என்றார். எட்டு மேல்மாடி ஐயாவின் வீடு. அவரிடம் போனேன். “தம்பி, என் பையன்தான் அங்க இருந்து ஆன்லைன்ல கட்டிட்டு வர்றான்னு நெனச்சேன். பாக்கி இல்லேன்னு வருதே, அதனால கேக்கல” என்றார். மகன் அப்பா கட்டுகிறார் என்று நினைத்திருக்கிறார். நல்ல மனிதர், மறுநாளே என் இரசீதுகளை வாங்கிப் பார்த்து முழுத்தொகையையும் கையில் கொடுத்துவிட்டார். நான் 006க்கு வட்டியோடு கட்டி முடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் இப்படி இல்லையென்றால் வரவை மாற்றச் சொல்லி மனுவோடு எத்தனை நடை நடந்திருப்பேனோ தெரியாது.

ஆகவே இந்த அறிகுறிக்கு முதல் சோதனை எண்தான். சென்னையில் அது நான்கு பகுதியாக இருக்கும்: மண்டலம், வட்டம் (வார்டு), பில் எண், துணை எண். அடுக்குமாடிகளில் முதல் மூன்றும் எல்லா வீட்டுக்கும் ஒன்றாக இருக்கலாம், துணை எண் மட்டும் மாறும். பெயரை மட்டும் பார்க்காதீர்கள், கட்டடப் பரப்பையும் தளத்தையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அலுவலகத்தில் உங்கள் பத்திரத்தைக் காட்டி ‘இந்த வீட்டுக்கு எந்த எண்’ என்று எழுதி வாங்குங்கள்.

எண் சரி, பணமும் போய்விட்டது, ஆனால் இரசீது வரவில்லை என்றால் அது வேறு கதை. வங்கியில் பணம் எடுக்கப்பட்டு அங்கே வரவாகாமல் தொங்கும். உடனே இன்னொரு முறை கட்டாதீர்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு சில நாள் பொறுங்கள். யுபிஐ மூலம் கட்டி எதிர்முனையில் உறுதியாகாமல் போனால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அரையாண்டின் முதல் மாதம் முடியும் கடைசி நாள் இரவில் கட்டுவதைத் தவிர்ப்பதற்கும் இதுவே காரணம். பணம் தொங்கினால் ஊக்கத்தொகையும் போய்விடும்.

அறிகுறி: இரசீதில் உள்ள எண்ணைப் போட்டால் ‘பதிவு இல்லை’ என்கிறது

இரசீதின் தேதியைப் பாருங்கள். ஊரின் எல்லையே மாறியிருக்கலாம். சென்னை மாநகராட்சி 2011இல் விரிந்தபோது 155 வட்டங்கள் 200 ஆயின, 10 மண்டலங்கள் 15 ஆயின. ஆவடி 2019இல் மாநகராட்சியானது. 2021இல் தாம்பரம் மாநகராட்சியானபோது பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சில பேரூராட்சிகளும் அதற்குள் வந்தன. காரைக்குடி, நாமக்கல், புதுக்கோட்டை, திருவண்ணாமலை நான்கும் 2024 ஆகஸ்டில் மாநகராட்சிகளாயின. இப்படி ஒவ்வொரு முறையும் எண்கள் மாறுவதற்கு வாய்ப்பு உண்டு. ஊராட்சிக் காலத்து வீட்டு வரி இரசீதை வைத்துக்கொண்டு மாநகராட்சித் தளத்தில் தேடினால் கிடைக்காது.

பழைய இரசீதோடு அந்தப் பகுதியின் வருவாய்ப் பிரிவுக்குப் போய்ப் புது வரிவிதிப்பு எண்ணைக் கேளுங்கள். பக்கத்து வீட்டின் புதிய இரசீதையும் ஒன்று கொண்டுபோனால் அந்தத் தெரு எந்த வட்டத்தில் இருக்கிறது என்பது அங்கே உட்காரும் முன்பே தெரிந்துவிடும். தேடியும் கிடைக்கவில்லை என்றால் வீட்டுக்கு வரியே விதிக்கப்படாமல் இருந்திருக்கலாம். அப்போது புது வரிவிதிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். விட்டுப்போன பழைய அரையாண்டுகளுக்கும் சேர்த்து வரி வரும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: விற்றவர் சொன்ன தொகை ஒன்று, எனக்கு வருவது வேறு

அவர் காட்டிய இரசீது 2022 ஏப்ரலுக்கு முந்தையதா? அப்படியென்றால் அது போதும் காரணம். சென்னையில் 1998க்குப் பிறகும் மற்ற ஊர்களில் 2008க்குப் பிறகும் நடக்காத பொதுச் சீராய்வு 2022இல் நடந்தது. சென்னையின் பழைய பகுதிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடிவரை 50%, 601 முதல் 1,200 வரை 75%, 1,201 முதல் 1,800 வரை 100%, அதற்கு மேல் 150% என்று உயர்ந்தது. சென்னையோடு பின்னர் இணைந்த பகுதிகளிலும் மற்ற ஊர்களிலும் அதே அடுக்குகளுக்கு 25%, 50%, 75%, 100%. பிறகு சென்னையில் 2024 செப்டம்பர் மன்றக் கூட்டத்தில் 6% உயர்வுக்குத் தீர்மானம் நிறைவேறியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையின் பழைய பகுதியில் 1,100 சதுர அடி வீடு, அரையாண்டுக்கு 1,200 ரூபாய் இருந்தது என்றால் 75% கூடி 2,100. அதன்மேல் 6% என்றால் 2,226. உங்கள் பில் இந்தச் சுற்றில் இருந்தால் தவறு ஏதும் இல்லை.

ஒத்துவரவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று பரப்பு. 1,190 சதுர அடி வீடு பதிவேட்டில் 1,210 என்று ஏறியிருந்தால் இருபது அடிக்காக அடுத்த அடுக்குக்கே போய்விடும். பத்திரத்திலும் அனுமதி வரைபடத்திலும் உள்ள பரப்பைக் காட்டி மறுஅளவை கேளுங்கள். இரண்டாவது, பயன்பாடு. முன்பு அங்கே டியூஷன் சென்டரோ கிளினிக்கோ அலுவலகமோ நடந்திருந்தால் பதிவேட்டில் வணிகம் என்றே நிற்கும். நீங்கள் குடியிருக்கிறீர்கள் என்பதைச் சொல்லி, மின் இணைப்பு வீட்டு இணைப்பாக மாறியதற்கான அட்டையைக் காட்டி, குடியிருப்பாக மாற்றச் சொல்லுங்கள். நேரில் வந்து பார்ப்பார்கள். இதற்கு நேர்மாறாக, மாடியில் புதிதாக ஓர் அறை கட்டியிருந்தாலோ கீழே கடை வைத்திருந்தாலோ நீங்களே அறிவித்துவிடுவது நல்லது. பிறகு கண்டுபிடிக்கப்பட்டால் கட்டிய நாளிலிருந்து கேட்பார்கள்.

பில்லில் நூலக வரி என்று ஒன்றையும் பார்ப்பீர்கள். அது தவறல்ல. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வசூலாகும் தொகை, பொது நூலகங்களுக்குத்தான் போகிறது.

அறிகுறி: புது அடுக்குமாடி, என் வீட்டுக்கென்று தனி எண் இல்லை

கட்டுநர் முழுக் கட்டடத்துக்கும் ஒரே எண்ணில் வைத்திருப்பார், அல்லது இன்னும் வரியே விதிக்கப்பட்டிருக்காது. கிரயப் பத்திரம், கட்டுமான ஒப்பந்தம், அனுமதி வரைபடம், பணிநிறைவுச் சான்று, மின்கட்டண அட்டை ஆகியவற்றோடு தனி வரிவிதிப்புக்கு விண்ணப்பியுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போவதைவிடக் குடியிருப்போர் சங்கமாகச் சேர்ந்து ஒரே நாளில் கொடுத்தால் ஒரே ஆய்வில் முடிந்துவிடும். மொத்த எண்ணில் பழைய பாக்கி இருந்தால் பிரிப்பதற்கு முன் கட்டுநரைக் கட்ட வையுங்கள். கடைசி வீடு விற்றுவிட்டால் அவரைப் பிடிப்பது கடினம்.

அறிகுறி: வீடு கட்டிக் குடியேறியும் காலிமனை வரி வந்துகொண்டே இருக்கிறது

மனைக்கு ஓர் எண், வீட்டுக்கு ஓர் எண் என்று இரண்டும் ஓடுகின்றன. கட்டடத்துக்கு வரி விதித்த நாளிலிருந்து காலிமனை வரியை நீக்கச் சொல்லி, இரண்டு எண்களையும் குறிப்பிட்டு மனுக் கொடுங்கள். தானாக நிற்காது.

அறிகுறி: அப்பா வீட்டுக்குக் குடிவந்தேன், பில் அப்பா பெயரில்

அப்பா இருக்கிறார் என்றால் மாற்ற வேண்டியதே இல்லை. காலமாகிவிட்டார் என்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். வாரிசுச் சான்று தாசில்தார் கொடுப்பது, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அதில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேர் பெயரிலும்தான் வரி மாறும். உங்கள் ஒருவர் பெயருக்கே வேண்டுமென்றால் மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்யும் விடுதலைப் பத்திரமோ, எல்லோரும் சேர்ந்து பாகப் பிரிவினையோ செய்துகொள்ள வேண்டும். அக்கா தங்கையின் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அலுவலகம் திருப்பி அனுப்புவது இருக்கட்டும், அது அவர்களின் பங்கு. அவர்களிடம் முதலில் பேசுங்கள்.

அறிகுறி: விற்றுவிட்டேன், நோட்டீஸ் இன்னும் எனக்கே வருகிறது

வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. அவரைக் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். கிரயப் பத்திரத்தின் நகலோடு, இந்தத் தேதியில் இன்னாருக்கு விற்றுவிட்டேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள், அல்லது விரைவுத் தபாலில் அனுப்பி ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். அதோடு உங்கள் கைபேசி எண்ணை அந்தக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வருடக்கணக்கில் குறுஞ்செய்தி வரும்.

பழைய வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டு மாறியிருக்கிறீர்கள் என்றால் வரி உங்கள் பொறுப்பு. குடியிருப்பவரிடம் அதைத் தள்ளாதீர்கள். நீங்களே வாடகைக்குக் குடியிருப்பவர் என்றால், உரிமையாளர் அப்படிக் கேட்கும்போது தலையாட்டவும் வேண்டாம். உரிமையாளர் தாமே அந்த நிதியாண்டில் கட்டிய வரியை வாடகை வருமானத்திலிருந்து கழித்துக்கொண்டுதான் வருமான வரி கணக்கிடப்படுகிறது. கட்டாமல் பாக்கியாக நிற்பதைக் கழிக்க முடியாது. மார்ச்சுக்குள் கட்டிவிடுவதில் இந்த லாபமும் இருக்கிறது.

அறிகுறி: சொத்து வரி சரியாகிவிட்டது, குடிநீர் வாரியத்தின் பில் பழைய பெயரில்

சென்னைவாசிகளுக்கு மட்டும். குடிநீர், கழிவுநீர் வரியை மாநகராட்சி நிர்ணயித்த ஆண்டு மதிப்பில் 7% என்று வாரியம் கணக்கிடுகிறது. குடிநீர்க் கட்டணம் அதற்குத் தனி. மதிப்பு ஒன்றானாலும் கணக்கு வேறு. சொத்து வரிப் பெயர் மாற்றம் முடிந்த புது இரசீதோடு வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் தனியாக விண்ணப்பியுங்கள். மற்ற ஊர்களில் குடிநீர், பாதாளச் சாக்கடைக் கட்டணங்கள் அதே உள்ளாட்சியிடம்தான் இருக்கும், ஆனால் எண் வேறாக இருக்கும். ஒன்றில் மாறியதும் மற்றதையும் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: விண்ணப்பம் கொடுத்து மாதங்கள் ஆகின்றன, அசைவே இல்லை

விண்ணப்ப எண்ணைப் போட்டு யார் மேசையில் நிற்கிறது என்று பாருங்கள். வரி மதிப்பீட்டாளரிடம் நிற்கிறதென்றால் பெரும்பாலும் அவர் வீட்டுக்கு வந்த நேரத்தில் பூட்டியிருந்திருக்கும். போய்ப் பார்த்து ஒரு நாளைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் சென்னையில் 1913, மாநிலம் முழுவதற்கும் முதல்வரின் உதவி மையம் 1100. புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

அதுவும் பலிக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘ஏன் தாமதம்’ என்று கேட்காதீர்கள், அதற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. இப்படிக் கேளுங்கள்: இந்த எண்ணுள்ள என் விண்ணப்பம் எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் போனது, ஒவ்வொருவரிடமும் எத்தனை நாள் இருந்தது, கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் வேண்டும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்குப் பதில் வருவதற்கு முன்பே பெயர் மாறிய இரசீது வந்துவிட்டது.